அமைச்சர் எந்த நாளில் விலக வேண்டும்?

(பண்டசோழநல்லூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் வழக்கம். நான் அரசியலைப் பேச அனுமதி கேட்டேன். கட்சி பேசமாட்டேன் என்று உறுதி சொன்ன பிறகு அனுமதி கிடைத்தது. அமைச்சர் எந்த நாளில் விலக வேண்டும் என்ற இந்தப் பொருளைக் கட்சிகளின் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. ஆனால் ஒரு கட்சியை உயர்த்த இன்னொரு கட்சியைத் தாழ்த்திப் பேச நான் வரவில்லை.

2025 மார்ச் மாதம். புதுச்சேரி சட்டப்பேரவையின் நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. காரைக்கால் சாலைப் பணிகள் தொடர்பாக லஞ்சம் வாங்கியதாகப் பொதுப்பணித்துறைத் தலைமைப் பொறியாளரையும் ஒரு செயற்பொறியாளரையும் சிபிஐ கைது செய்தது. கூடவே ஓர் ஒப்பந்ததாரரும் கைதானார். அடுத்து பேரவை கூடியபோது எதிர்க்கட்சித் தலைவர் இரா. சிவா தலைமையில் திமுக உறுப்பினர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் எழுந்தார்கள். சிவா அப்போது நம் பக்கத்து வில்லியனூர்த் தொகுதியின் உறுப்பினர். துறையின் தலைமைப் பொறியாளரே கைதாகியிருக்கும்போது அமைச்சர் எப்படி நாற்காலியில் இருக்கலாம், பொதுப்பணித்துறை அமைச்சர் க. லட்சுமிநாராயணன் பதவி விலக வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். அவையின் நடுப்பகுதிக்கு வந்து நின்றார்கள். பேரவைத் தலைவர் செல்வம் அவர்களை வெளியேற்ற உத்தரவிட்டார். சபைக் காவலர்கள் வந்து வெளியேற்றினார்கள்.

அன்று கைதானவர்கள் அதிகாரிகளும் ஒப்பந்ததாரரும்தான். அமைச்சர் மீது சிபிஐ வழக்குப் பதியவில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், நியாயம் அதுதான். அப்படியானால் எதிர்க்கட்சி கேட்டது தவறா? சட்டப்படி நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு ஓர் அமைச்சரை விலகச் சொல்வது முறையா? அதிகாரி செய்த தவறுக்கு அமைச்சர் எவ்வளவு தூரம் பொறுப்பு? இந்தக் கேள்விகளை நகரத்துச் செய்தியாக நினைத்து நாம் கடந்துபோகக் கூடாது. சாலை போடுவதில் லஞ்சம் கைமாறினால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்.

ஒரு சாலை எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். முதலில் மதிப்பீடு தயாராகும். அதற்கு நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் வேண்டும். பிறகு டெண்டர். குறைந்த தொகை கேட்டவருக்குப் பணி ஆணை. ஜல்லி கொட்டி, உருளை ஓட்டி, தார் போட்ட பிறகு இளநிலைப் பொறியாளர் வந்து அளப்பார். நீளம், அகலம், கனம் மூன்றையும் ஓர் அளவுப் புத்தகத்தில் எழுதுவார். ஒப்பந்ததாரர்கள் அதை எம்-புக் என்பார்கள். உதவிப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். செயற்பொறியாளர் பில்லுக்கு ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகுதான் பணம். ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு வாசல். வாசலுக்கு வாசல் இத்தனை சதவீதம் என்று நாடெங்கும் ஒப்பந்ததாரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்கள்.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஒப்பந்ததாரர் தன் சொந்த நிலத்தை விற்றுத் தருவதில்லை. தாரின் கனத்திலிருந்து எடுக்கிறார். எழுதியது ஒரு கனம், போட்டது ஒரு கனம். நீளத்தையும் அகலத்தையும் எவரும் நாடா பிடித்து அளந்துவிடலாம். கனத்தை அளக்கச் சாலையைத் துளைத்துப் பார்க்க வேண்டும். அதனால் திருட்டு கனத்தில் நடக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் தார் உரிந்து ஜல்லி வெளியே வரும்போது, எம்-புக்கில் எழுதியிருந்த எண் பொய் என்று சாலையே சொல்லிவிடுகிறது. ஆனால் அதற்குள் பில் பாஸாகிவிட்டிருக்கும்.

இதில் அமைச்சர் எங்கே வருகிறார் என்று கேட்கலாம். அளவுப் புத்தகத்தில் அமைச்சர் கையெழுத்துப் போடுவதில்லை, உண்மைதான். ஆனால் எந்தப் பொறியாளர் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதில் அமைச்சரின் சொல் இருக்கிறது. எந்தச் சாலைக்கு இந்த ஆண்டு பணம், எதற்கு அடுத்த ஆண்டு என்பதில் இருக்கிறது. புகார் வந்தால் விசாரிப்பதா, கோப்பைக் கிடப்பில் போடுவதா என்பதிலும் இருக்கிறது. ஆகவே "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்ற பதிலைப் பாதிப் பதிலாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இதைப் பற்றி நம் நாட்டில் மிக முன்பே ஒரு முடிவு சொல்லப்பட்டிருக்கிறது. அந்த முடிவுக்குக் காரணமான விவகாரத்தின் நடுவில் இருந்தவர் ஒரு தமிழர். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1957-இல் எல்ஐசி புதிதாகத் தேசியமயமாகியிருந்த காலம். ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை எல்ஐசி ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. நலிந்துகொண்டிருந்த நிறுவனங்கள் அவை. பாலிசிதாரரின் பணத்தை எதற்காக அங்கே போட்டீர்கள் என்று அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் எழுந்து கேட்டவர் ஆளும் காங்கிரஸ் உறுப்பினரான பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன். எதிர்க்கட்சியின் வேலையை ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் செய்த நாள் அது.

நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. சில வாரங்களில் அறிக்கை வந்துவிட்டது. கிருஷ்ணமாச்சாரி, இந்தக் கொள்முதலுக்கு நான் ஒப்புதல் தரவில்லை, என் செயலாளர் செய்தது என்ற நிலையை எடுத்தார். சாக்ளா அதை ஏற்கவில்லை. தன் கீழ் உள்ள அதிகாரியின் செயலுக்கு அமைச்சர் பொறுப்பேற்றே ஆக வேண்டும், அதிகாரியின் மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்க முடியாது என்றார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலகினார். அவர் கை நீட்டிப் பணம் வாங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு மத்திய அமைச்சரவைக்குத் திரும்பி, 1963-இல் மீண்டும் நிதியமைச்சரும் ஆனார். பதவி விலகியதால் அவருடைய பொதுவாழ்வு முடிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். 1965 இறுதியில் அவர் மீது வேறு புகார்கள் வந்தபோது மறுபடியும் விலகினார். விலகுவதை மானக்கேடாகக் கருதாத ஒரு காலம் இருந்திருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து 2025 மார்ச்சைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. பிரச்சினையை எழுப்பியதில் எதிர்க்கட்சியின் மீது தவறில்லை. வழக்கே இல்லாத நிலையில் அன்றைக்கே அமைச்சர் பதவியை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துறையை விசாரணை முடியும்வரை வேறொருவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். கைது எதனால் நடந்தது, அந்தப் பணிகளின் டெண்டர் எப்படி முடிந்தது, ஏற்கெனவே புகார் வந்திருந்ததா என்று பேரவையில் முழு விளக்கம் தந்திருக்க வேண்டும். கேள்வி கேட்டவர்களை அவைக்கு வெளியே அனுப்பியதுதான் அன்று நடந்த பெரிய பிழை.

பேரவையில் கேட்கும் கேள்வி மாநிலங்களைவிட இங்கே ஏன் கூடுதலாக முக்கியம் என்று ஒரு காரணம் சொல்கிறேன். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அதற்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு மீண்டும் தேர்தல் நடக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வாழ்நாளில் பஞ்சாயத்துத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. நம் நெட்டப்பாக்கம் கொம்யூன் அலுவலகத்தில் ஆணையர் இருக்கிறார், அலுவலர்கள் இருக்கிறார்கள், நாம் தேர்ந்தெடுத்தவர் இல்லை. சாலை பெயர்ந்தால் யாரைக் கேட்பது? வார்டு உறுப்பினர் இல்லை, ஊர்த் தலைவர் இல்லை, கொம்யூன் தலைவர் இல்லை. எம்.எல்.ஏ.வைக் கேட்கலாம். அவர் அமைச்சரைக் கேட்க வேண்டும். அமைச்சரைக் கேட்கிற அந்த ஒரே இடமும் அடைபட்டால், குடிமக்களுக்கு வேறு வழியே இல்லை.

இதே மண்ணில்தான் 1954 மார்ச் கடைசியில் பிரெஞ்சு ஆட்சியை உதறி எதுவார் குபேர் தலைமையில் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிராக. அவர்களில் கொம்யூன்களின் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். நாடு எந்தப் பக்கம் போவது என்பதையே ஊர்ப் பிரதிநிதிகளைக் கேட்டு முடிவு செய்த பகுதி இது. இன்று ஒரு சாலையின் கனத்தைக் கேட்க ஊர்ப் பிரதிநிதி இல்லை.

இனி எல்லை தாண்டுவோம். இங்கிருந்து மடுகரை போய், அதைத் தாண்டினால் சிறுவந்தாடு. அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். 2025 மார்ச்சில், புதுச்சேரியில் வழக்கே இல்லாத அமைச்சரை விலகச் சொன்ன திமுக, தமிழ்நாட்டில் ஆளும் கட்சியாக இருந்தது. நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்துவிட்ட ஓர் அமைச்சர் அந்த அமைச்சரவையில் அப்போது இருந்தார். அவரை நீக்கச் சொல்லி ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்த பாஜக, புதுச்சேரியில் ஆளும் கூட்டணியில் இருந்தது. இரண்டு கட்சிகளும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம் வைத்திருந்தன. சிறுவந்தாட்டுக்காரருக்கும் மடுகரைக்காரருக்கும் ஒரே நியாயம்தான் இருக்க முடியும்.

அந்தத் தமிழ்நாட்டு அமைச்சர் செந்தில் பாலாஜி. அவர் வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதவியில் இருக்கும் அமைச்சர் மீது வழக்கு நடந்தால் என்னென்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் நமக்கு அண்மையில் கிடைக்கவில்லை. 2011 முதல் 2015 வரை அவர் அதிமுக ஆட்சியில் போக்குவரத்துத் துறை அமைச்சர். ஓட்டுநர், நடத்துநர் வேலை வாங்கித் தருவதாகப் பணம் வசூலிக்கப்பட்டது என்று புகார். 2018 டிசம்பரில் அவர் திமுகவில் சேர்ந்தார். 2021 மே மாதம் திமுக ஆட்சியில் மின்சாரத் துறை அமைச்சரானார். அமைச்சரான சில மாதங்களில், பணம் கொடுத்தவர்களுடன் சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி வழக்கு ஒன்றை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவை நீக்கியது. ஊழல் என்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பேசி முடித்துக்கொள்ளும் தனிவிவகாரம் அல்ல, வேலை கிடைக்காமல் போன தகுதியுள்ள இளைஞர்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வேலைக்காகப் பணம் கொடுத்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்து குழி பத்துக் குழி நிலம் வைத்திருப்பவர், மகளின் நகையை அடகு வைத்தவர், வட்டிக்கு வாங்கியவர். வேலையும் கிடைக்காமல், பணமும் திரும்பாமல் தவித்தவர், அமைச்சருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன், வழக்கை விட்டுவிடு என்று ஆள் வந்து சொன்னால் அவர் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வழக்குகளில் லஞ்சம் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவர்களையும் சேர்த்து 2,000 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர்களாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. இத்தனை பேரை வைத்து விசாரணையை எப்போது முடிப்பது?

2023 ஜூன் 14 அதிகாலையில் அமலாக்கத் துறை செந்தில் பாலாஜியைக் கைது செய்தது. இலாகாக்கள் வேறு இருவருக்கு மாற்றப்பட்டன. அவர் இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்ந்தார். ஜூன் 29 மாலை ஆளுநர் ஆர்.என். ரவி, முதலமைச்சரின் பரிந்துரை இல்லாமலே அவரை நீக்கி உத்தரவிட்டார். அன்று இரவே அந்த உத்தரவை நிறுத்தி வைத்தார். மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர், மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் அமைச்சரைத் தன் விருப்பப்படி நீக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை எந்த அமைச்சரையும் எந்தக் காரணத்துக்கும் நீக்கலாம். ஆளுநரின் அந்தச் செயலை என்னால் ஏற்க முடியவில்லை. அதே அளவுக்கு, சிறையில் இருப்பவர் அமைச்சர் என்ற பெயரோடு இருந்ததையும் ஏற்க முடியவில்லை. இலாகா இல்லாமல் ஒருவர் அமைச்சராக இருப்பதன் பொருள் என்ன என்று சென்னை உயர்நீதிமன்றமும் 2023 செப்டம்பரில் கடுமையாகவே கேட்டு, முடிவை முதலமைச்சரிடம் விட்டது. 2024 பிப்ரவரியில்தான் அவர் விலகினார்.

2024 ஆகஸ்ட் 8 அன்று சென்னை நீதிமன்றம் பணமோசடி வழக்கில் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. செப்டம்பர் 26 அன்று, 471 நாள் சிறைக்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தது. விசாரணை முடியாமல் ஒருவரை அத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததும் நியாயம் அல்ல. ஆனால் பிணை கிடைத்த மூன்றாம் நாள், செப்டம்பர் 29, அவர் மீண்டும் அமைச்சராகப் பதவியேற்றார். பிணை என்பது விடுதலை அல்ல. சாட்சிகள் இன்னும் சாட்சி சொல்லவில்லை. அமைச்சராக இருந்தால் சாட்சிகள் அஞ்சமாட்டார்களா என்று நீதிமன்றம் கேட்டது. பதவி வேண்டுமா, சுதந்திரம் வேண்டுமா என்று 2025 ஏப்ரல் 23 அன்று நேராகவே கேட்ட பிறகு, 27-ஆம் தேதி அவர் விலகினார். முதலமைச்சர் செய்ய வேண்டிய வேலையை நீதிபதிகள் செய்தார்கள்.

செந்தில் பாலாஜி குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் அதைப் பற்றிப் பேசவில்லை. குற்றச்சாட்டு வந்து விலகிய வேறு இருவரைப் பாருங்கள். ஆ. ராசா 2010 நவம்பரில் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார், சிறைக்குப் போனார், 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதை எதிர்த்து சிபிஐ மேல்முறையீடு செய்திருக்கிறது. அவர் 2019-லும் 2024-லும் நீலகிரியில் வென்றார். எல்.கே. அத்வானி 1996-இல் ஹவாலா வழக்கில் பெயர் வந்தவுடன் எம்.பி. பதவியை விட்டார், விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பி வந்து துணைப் பிரதமர் வரை போனார். ஆகவே, குற்றம் நிரூபணம் ஆகாமல் விலகினால் வாழ்க்கையே போய்விடும் என்ற வாதம் நடைமுறையில் நிற்கவில்லை. விலகுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. கோப்பிலிருந்தும் சாட்சியிடமிருந்தும் கையை எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

மத்திய அரசும் ஒரு வழி சொன்னது. 2025 ஆகஸ்ட் 20 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் 130-ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ யாராக இருந்தாலும் 31-ஆம் நாள் பதவி போகும். வெளியே வந்த பிறகு மீண்டும் பதவி ஏற்கலாம். நம்மைப் போன்ற யூனியன் பிரதேசங்களுக்காக 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தைத் திருத்தும் தனி மசோதாவும் அன்றே வந்தது. இரண்டும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டன.

பார்வைக்கு நல்ல சட்டம்தான். சிறையிலிருந்து ஆட்சி நடத்துவதை யார் விரும்புவார்கள்? அரவிந்த் கெஜ்ரிவால் 2024 மார்ச் 21 அன்று கைதாகி, செப்டம்பர் வரை பெரும்பாலும் சிறைக்குள் இருந்தபடியே டெல்லி முதலமைச்சராகத் தொடர்ந்ததை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மசோதாவில் அமைச்சரின் பதவியை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். கைது செய்யும் அதிகாரி முடிவு செய்கிறார். பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் பிணை கிடைப்பது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். 30 நாள் உள்ளே வைத்திருப்பது அமலாக்கத் துறைக்குப் பெரிய காரியம் இல்லை. பத்து ஆண்டுகளில் அரசியல்வாதிகள் மீது அமலாக்கத் துறை போட்ட 193 வழக்குகளில் 2-இல் மட்டுமே தண்டனை கிடைத்தது என்று 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் அரசே சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்பின் கையில் ஒரு மாநில அரசின் ஆயுளைக் கொடுப்பது ஆபத்து. மாநிலங்களுக்கே ஆபத்து என்றால் நமக்கு இன்னும் அதிகம். 1963 சட்டப்படி புதுச்சேரி அமைச்சர்களை நியமிப்பவரும் குடியரசுத் தலைவர், அவர்கள் பதவியில் நீடிப்பதும் குடியரசுத் தலைவரின் இசைவில். நீக்குவதற்கான கோப்பு துணைநிலை ஆளுநர் மாளிகை வழியாக டெல்லிக்குப் போய்த்தான் வர வேண்டும். 2023 அக்டோபரில் சந்திர பிரியங்கா அமைச்சரவையிலிருந்து வெளியேறியபோது அந்தக் கோப்பு போய்வந்ததைப் பார்த்தோம். அவர் மீது ஊழல் வழக்கு எதுவும் இல்லை. முதலமைச்சர் நினைத்தால் நீக்கம் விரைவில் நடக்கும் என்பதை மட்டும் அது காட்டியது.

எந்த நாளில் விலக வேண்டும் என்ற கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊழல் வழக்கு பல படிகளைக் கடக்கிறது. முதல் தகவல் அறிக்கை, கைது, குற்றப்பத்திரிகை ஆகிய மூன்றும் காவல்துறையோ புலனாய்வுத் துறையோ செய்பவை. அவற்றின் பின்னால் ஆட்சியில் இருப்பவர்களின் விருப்பு வெறுப்பு இருக்கலாம். அதற்கு அடுத்த படியில்தான் ஒரு நீதிபதி, எதிராளியின் வாதத்தையும் கேட்டு, ஆவணங்களைப் பார்த்து, இந்த வழக்கை நடத்த அடிப்படை இருக்கிறது என்று குற்றச்சாட்டைப் பதிவு செய்கிறார். அந்த நாளில் அமைச்சர் விலக வேண்டும். அது நீதிமன்றத்தின் கையெழுத்து விழுந்த நாள். ஐந்து ஆண்டு தண்டனைக்குரிய வழக்கில் குற்றச்சாட்டு பதிவானாலே தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பு வர வேண்டும் என்று 2014-இல் சட்ட ஆணையம் தன் 244-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டமாக்கும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டது. நாடாளுமன்றம் செய்யவில்லை. வேட்பாளருக்குப் பொருந்துகிற அந்த அளவை அமைச்சருக்குப் பொருத்துவதில் என்ன தடை? செந்தில் பாலாஜி 2024 செப்டம்பரில் மீண்டும் அமைச்சராகியிருக்கக் கூடாது என்று நான் சொல்வது இந்த அளவுகோலை வைத்துத்தான். அவரை 2023 ஜூன் 29 அன்று நீக்கியது தவறு என்று சொல்வதும் இதே அளவுகோலை வைத்துத்தான்.

அதுவரை என்ன செய்வது, வசதியுள்ளவர்கள் குற்றச்சாட்டுப் பதிவையே பத்து ஆண்டு தள்ளிப்போடுவார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் ஒரு தமிழர் அமைச்சராக இருந்தார், எஸ். ஈஸ்வரன். போக்குவரத்து அமைச்சர். 2023 ஜூலையில் அங்குள்ள ஊழல் தடுப்பு அமைப்பு அவரைக் கைது செய்து பிணையில் விட்டது. பிரதமர் உடனே அவரை விடுப்பில் போகச் சொன்னார். துறை வேறொருவர் கைக்குப் போனது. சம்பளம் மாதம் 8,500 சிங்கப்பூர் டாலராகக் குறைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டபோது பதவி விலகினார். அக்டோபரில் 12 மாதச் சிறை. சிங்கப்பூரின் அரசியலில் நாம் கற்றுக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. ஆனால் விசாரணை தொடங்கினால் துறையை விடு, நீதிமன்றத்துக்கு வந்தால் பதவியை விடு என்ற இந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். கைது முதல் தீர்ப்பு வரை அங்கே ஒன்றேகால் ஆண்டு. நம் உச்ச நீதிமன்றமும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளைக் குற்றச்சாட்டு பதிவான ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 2014-இல் உத்தரவிட்டிருக்கிறது. அதை நடத்திக்காட்டினால் நிரபராதி ஓராண்டில் தலை நிமிர்ந்து திரும்பி வரலாம்.

எதிர்க்கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விலகு என்று முழங்குவது அவர்களின் உரிமை, சொல்லப்போனால் கடமை. ஆனால் கோஷம் எழுப்பி, அவையின் நடுவே வந்து, வெளியேற்றப்பட்டு, வாசலில் நின்று பேட்டி கொடுத்தால், மறுநாள் செய்தித்தாளில் ஒரு படம் வரும். அமைச்சர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் தப்பித்துவிடுவார். பெரோஸ் காந்தி கத்தவில்லை. எந்தத் தேதியில், எந்த விலையில், யார் சொல்லி வாங்கினீர்கள் என்று கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஓர் அமைச்சரை வீட்டுக்கு அனுப்பியது அந்தக் கணக்கு. தங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் இதே விதியைத் தங்கள் அமைச்சருக்கும் பொருத்துவோம் என்று சொல்ல முடியாத கட்சியின் கோரிக்கையை மக்கள் எவ்வளவு நாள் நம்புவார்கள்?

நாம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன். தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரும் மனுவோடு படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது யாரும் பார்க்கும்படி இருக்கும். சொத்துக் கணக்கைத்தான் எல்லோரும் ஆர்வமாகப் பார்க்கிறோம். அதில் நிலுவையில் உள்ள வழக்குகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்திருக்கிறதா, எந்தத் தேதியில் என்று அதில் தனியாகக் கேட்டிருக்கிறது. வேட்பாளர் கையெழுத்திட்டுத் தந்த பதில் அங்கே இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் எடுத்துப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஓட்டுக் கேட்டு இந்தத் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நிறுத்தி, இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் மீது குற்றச்சாட்டு பதிவானால் அன்றைக்கே விலகுவீர்களா? உங்கள் கட்சி அமைச்சர் மீது பதிவானால் விலகச் சொல்வீர்களா? ஆம் என்று சொல்பவரிடம் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.